பெண் வழியே தழைத்த குலம்: காஸ்தோன் ஃபெபுஸ்

தென் பிரான்சின் பிரனீஸ் மலையடிவாரத்தை 1343 முதல் 1391 வரை ஆண்ட ஃபுவா பிரபு மூன்றாம் காஸ்தோனை, அவரே சூட்டிக்கொண்ட 'ஃபெபுஸ்' என்ற பெயரால்தான் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அவருடைய வீரமும் வேட்டை மோகமும் பலரும் எழுதியவை. என்னை அதிகம் ஈர்ப்பது அவருடைய வம்சாவளி.

ஃபுவா குலத்துக்குப் பெயார்ன் நாடு போரால் கிடைத்ததல்ல. பெயார்ன் பிரபு ஏழாம் காஸ்தோனின் மகள் மார்கரீத்தை ஃபுவா பிரபு மணந்ததால், 1290இல் அது வாரிசுரிமையாக வந்து சேர்ந்தது. தந்தை ஸ்பெயினின் அல்ஜெசிராஸ் நகர முற்றுகையின்போது இறந்ததால் பன்னிரண்டு வயதில் பட்டத்துக்கு வந்த ஃபெபுஸ், இங்கிலாந்தும் பிரான்சும் மோதிக்கொண்டிருந்த காலத்தில், பெயார்னைத் தாம் கடவுளைத் தவிர வேறு எவரிடமிருந்தும் பெறவில்லை என்று 1347இல் பதினாறு வயதிலேயே அறிவித்தார். அந்த வயதில் அத்தகைய அரசியல் நிதானம் வியப்புக்குரியது.

1362ஆம் ஆண்டை அவர் வாழ்வின் திருப்பமாகக் கருதுகிறேன். அவ்வாண்டில்தான் மனைவி ஆக்னெஸ், நவார் அரச குடும்பத்துப் பெண், அவருக்கு ஆண் வாரிசைப் பெற்றுத் தந்தார். டிசம்பரில் லோனாக் போரில் பரம எதிரியான அர்மஞாக் பிரபுவைச் சிறைபிடித்து, மீட்புத்தொகையால் தம் கருவூலத்தை நிரப்பிக்கொண்டார். அதே காலத்தில், சீதனப் பாக்கியைக் காரணம் காட்டி ஆக்னெஸைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

அதன் விளைவு 1380இல் தெரிந்தது. 1388இல் ஃபெபுஸின் ஓர்தேஸ் அரண்மனையில் தங்கியிருந்த வரலாற்றாசிரியர் ஃப்ருவாசார் கேட்டு எழுதியபடி, தாயைப் பார்க்கச் சென்ற மகன் காஸ்தோனிடம் தாய்மாமனான நவார் மன்னர் ஒரு பொடியைக் கொடுத்து, அதைத் தந்தையின் உணவில் தூவினால் பெற்றோர் மீண்டும் சேர்வார்கள் என்று நம்பவைத்தார். மகன் அணிந்திருந்த பையைக் கண்ட ஃபெபுஸ், அந்தப் பொடியை நாய்க்குக் கொடுக்க, அது அங்கேயே செத்தது. சிறையில் உணவை மறுத்த மகனிடம் ஆத்திரத்தோடு போன தந்தையின் கையில், நகம் சீவிக்கொண்டிருந்த சிறு கத்தி இருந்தது. அதன் நுனி கழுத்து நரம்பில் பட்டு மகன் இறந்தான். முறைப்படி பிறந்த வாரிசு வேறு எவரும் இல்லை.

பின்னர் 1387இல் தொடங்கிய வேட்டைநூலில், ஆயுதம், காதல், வேட்டை ஆகிய மூன்றிலுமே வாழ்நாள் முழுதும் மகிழ்ந்ததாக ஃபெபுஸ் எழுதுகிறார். 1391இல் கரடி வேட்டை முடிந்து கைகழுவும்போது சரிந்து விழுந்து இறந்தார். திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் இவேன் பட்டத்துக்கு முயன்று தோற்றார். 1393இல் பாரிஸ் அரண்மனை நடன விருந்தில் பற்றிய தீயில் அவரும் இறந்தார்.

பட்டம் உறவினரான மத்தியோவுக்குச் சென்றது. 1398இல் அவரும் பிள்ளையின்றி இறக்க, அவருடைய சகோதரி இசபெல் வழியாக உரிமை கிரெய்லி குடும்பத்துக்குப் போனது. இசபெலின் பேரன் நான்காம் காஸ்தோன் நவார் இளவரசி எலியனோரை மணந்தார். ஃபெபுஸ் திருப்பி அனுப்பிய பெண்ணின் குலத்திலிருந்தே அரச மகுடம் இக்குடும்பத்துக்கு வந்தது. அந்த மகுடம் எலியனோரின் பேத்தி கத்தரீன், பிறகு கத்தரீனின் பேத்தி ஜான் தல்ப்ரே எனப் பெண்களிடம் வந்து நின்றது. ஃபெபுஸ் வலுப்படுத்திய போ நகரக் கோட்டையில் 1553இல் ஜான் பெற்ற மகன்தான், பின்னாளில் பிரான்சை ஆண்ட நான்காம் ஹென்றி.