சேரின் மட்டையும் இரண்டின் அடுக்கும்

பாடசாலை மலருக்கு எழுதும்படி கேட்டவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது கணித சேர் வெட்டித்தந்த ஒரு காகித மட்டைத் துண்டு. கிரிக்கெட்டையும் விடுதிச் சாப்பாட்டையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

1993. உயர்தர வகுப்பு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. பொருளாதாரத் தடைக்குள் வரைபுத்தாள் கிடைப்பது அருமை. ஒரே தாளில் பென்சிலால் கீறி, அழித்து, மறுபடியும் கீறுவோம். நாலாவது தடவையில் தாள் பஞ்சாகிவிடும்.

அடுக்குக்குறிச் சார்பு, அதாவது இரண்டின் எக்ஸாம் அடுக்கு போன்றவற்றின் வரைபு, தொடங்கிய அன்று கணித சேர் பழைய சப்பாத்துப் பெட்டியின் மூடியுடன் வந்தார். ஒரு சென்ரிமீற்றருக்கு ஓர் அலகு. எக்ஸ் -3 இல் உயரம் எட்டில் ஒன்று, பூச்சியத்தில் 1, பிறகு 2, 4, 8. அந்த வளைவை பிளேட்டால் வெட்டி எங்களிடம் தந்தார். அதற்குப் பிறகு கீறல் என்பது மட்டையை நகர்த்துவதுதான். வலம் இடமாகப் புரட்டினால் எக்ஸ் மறையாகும், தலைகீழாகக் கவிழ்த்தால் சார்பே மறையாகும். மூன்றைக் கூட்டினால் மட்டை மூன்று அலகு மேலே ஏறும், வளைவு நெருங்கிக்கொண்டே போய்த் தொடாமல் நிற்கும் அணுகுகோடும் கூடவே ஏறும். அதைப் புள்ளிக்கோடாகக் கீறவேண்டும். அந்தப் புள்ளிக்கோட்டை முதலில் கீறாதவனுக்கு அவர் புள்ளி போடுவதில்லை. வளைவைக் கோட்டில் முட்டவிட்டவன் பாடு அதைவிட மோசம்.

எல்லோரும் சறுக்கிய இடம் ஒன்றுதான். எக்ஸிலிருந்து மூன்றைக் கழித்தால் வரைபு ஏன் வலப்பக்கம் போகிறது? கழித்தால் இடப்பக்கம்தானே போகவேண்டும்?

“யாழ்தேவி மூன்று மணித்தியாலம் பிந்திப் புறப்பட்டால் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எப்போது வரும்? மூன்று மணித்தியாலம் பிந்தித்தானே? இந்த வளைவும் அப்படித்தான். பூச்சியத்தில் செய்யவேண்டியதை மூன்றில் செய்கிறது” என்றார் சேர். 1990 இலிருந்து யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கு வரவேயில்லை. வராத ரயிலை வைத்து அவர் கற்பித்தது எங்களுக்கு நன்றாகவே விளங்கியது.

அடுத்த நாள் வீட்டுவேலையில் இரண்டின் அடுக்கை எட்டால் பெருக்கிய வரைபு வந்தது. இழுத்து நீட்டிய வளைவுக்கு வேறு மட்டை வேண்டும் என்று முடிவுகட்டி, நான் ஒரு மாலை முழுவதும் புதிதாக ஒன்று வெட்டினேன். விரலையும் வெட்டிக்கொண்டேன். காலையில் பெருமையுடன் நீட்டினேன். சேர் ஒன்றும் பேசவில்லை. பழைய மட்டையை எடுத்து மூன்று கட்டம் இடப்பக்கம் தள்ளி என் வளைவின் மேல் வைத்தார். இம்மியும் பிசகாமல் பொருந்தியது. எட்டு என்பது இரண்டின் மூன்றாம் அடுக்கு. அதனால் எட்டால் பெருக்குவதும் மூன்று அலகு இடப்பக்கம் தள்ளுவதும் ஒன்றேதான். எக்ஸின் வர்க்கத்துக்குக் கீறும் பரவளைவிடம் இந்த வித்தை பலிக்காது. வகுப்பு சிரித்த சிரிப்பு இன்றும் காதில் இருக்கிறது. அந்த மட்டை 1995 இடப்பெயர்வில் எங்கோ போய்விட்டது.

போன மாதம் ரொறன்ரோவில், பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் அதே கேள்வியைக் கேட்டாள்: “கழித்தால் ஏன் அப்பா வலப்பக்கம்?” அவளுக்குத் திரையில் விரலால் இழுத்தாலே வரைபு நகரும். ஆனாலும் நான் சீரியல் பெட்டியை வெட்டினேன். யாழ்தேவிக்குப் பதிலாக, பனிக்காலத்தில் எங்கள் தெருவுக்கு வரும் பஸ்ஸைச் சொன்னேன். அவள் மட்டையைக் கொஞ்ச நேரம் தள்ளிப் பார்த்துவிட்டு, “மூன்றின் அடுக்குக்கு இதைப் பாவிக்கலாமா?” என்றாள்.

எங்கே தள்ளினாலும் பொருந்தாது. அகலத்தை 0.63 மடங்காக நெருக்கவேண்டும், மட்டையை நெருக்க முடியாது என்றேன். எப்படிச் சட்டென்று சொன்னேன் என்று கேட்டாள். இரண்டின் மடக்கை (log) 0.3010, மூன்றின் மடக்கை 0.4771, முதலாவதை இரண்டாவதால் வகுத்தேன். அவள் நம்பாமல் கைபேசியை எடுத்தாள்.