ரெய்னியர் எரிமலையின் வெந்த பாறைகளைக் கோத்தகிரியில் இருந்து தேடினேன்

எம்.எஸ்சி. புவியியல் ப்ராஜெக்ட்டுக்கு அமெரிக்காவின் ரெய்னியர் எரிமலையை எடுத்துக்கொண்டேன். கோத்தகிரி வீட்டில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைத்து, எந்தப் பாறை சூடான அமில நீரில் வெந்து களிமண்ணாகிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள ஆஸ்டர் என்ற கருவி எடுத்த படம்தான் இதற்குத் தோது, இலவசம்தான். ஆனால் களிமண்ணைக் காட்டிக்கொடுக்கும் குறுஅலை அகச்சிவப்புப் பட்டைகள் (ஒளியை அலைநீளப்படி பிரித்துப் பதியும் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்) 2008 ஏப்ரலோடு போய்விட்டன, அதனால் அதற்கு முந்தைய படம் வேண்டும், அதிலும் பனி குறைந்த ஆகஸ்ட், செப்டம்பர் மாதத்துப் படம், அதிலும் மேகமில்லாதது. தேடித் தேடிக் கண் பூத்துப்போகும். நான்காம் பட்டையின் ஒளி பக்கத்துப் பட்டைகளில் கசியும் கோளாறு உண்டு, அது திருத்தப்பட்ட படத்தையே கேட்டு வாங்குங்கள்.

பனியையும் காட்டையும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மறைத்துவிட்டு, நான்காம், ஆறாம் பட்டைகளின் அளவைக் கூட்டி ஐந்தாம் பட்டையின் அளவால் வகுத்தேன். அலுனைட் என்ற சல்ஃபேட் கனிமம் 2.17 மைக்ரான் அலைநீளத்தின் பக்கம் ஒளியை உறிஞ்சும், அது ஐந்தாம் பட்டைக்குள் விழுகிறது. அலுனைட்டும் கயோலினைட் என்ற வெள்ளைக் களிமண் கனிமமும் இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும்.

அப்புறம்தான் என் வழிகாட்டி கேட்டார், "களிமண் எங்கேயும்தான் வரும்மா, இது எரிமலை செய்ததுன்னு எப்படிச் சொல்லுவே?"

நியாயமான கேள்வி. எங்கள் ஊர் ரோட்டோரம் மலையை வெட்டிய இடங்களில் பார்த்தாலே தெரியும், எங்கள் மலையின் சார்னோகைட் பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை மழைநீர் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து கயோலினைட் ஆக்கியிருக்கிறது, நடுவில் உருண்டைக் கல் மட்டும் மிஞ்சியிருக்கும். எரிமலையில் வேலை கீழிருந்து நடக்கிறது. மாக்மாவின் கந்தக வாயு நிலத்தடி நீரில் கரைந்து கந்தக அமிலமாகி, ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறையின் ஃபெல்ட்ஸ்பாரைத் தின்கிறது. அங்கேயும் கயோலினைட்தான், ஆனால் கூடவே சல்ஃபேட் உள்ள அலுனைட்டும் வரும். ஆக அலுனைட்தான் சாட்சி, கயோலினைட்டை மட்டும் நம்பி எரிமலை என்று எழுதக்கூடாது. அதனால் இரண்டையும் பிரித்தறிய, ஐந்தாம் பட்டையில் ஒளி உறிஞ்சப்பட்டு விழும் பள்ளத்தையும் ஆறாம் பட்டையில் விழும் பள்ளத்தையும் தனித்தனியாக ஒப்பிட்டு வரைபடத்தை மறுபடி வரைந்தேன்.

எரிமலையின் மேற்குப் பக்கம் சன்செட் ஆம்பிதியேட்டர் என்ற குடைவில் அலுனைட் புள்ளிகள் திரண்டு நின்றன. சுமார் 500 வருஷத்துக்கு முன் ‘எலக்ட்ரான்’ என்று பெயரிட்ட பெரிய சேற்றுப்பெருக்கு கிளம்பியது அங்கிருந்துதான், அதோடு சேர்ந்து எரிமலை வெடித்ததற்குத் தடயம் எதுவும் இல்லை. களிமண்ணாய் நைந்த சரிவு தானாகவே விழும். 2009 நவம்பர் மழையில் நீலகிரி சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பா வரைபடத்தைப் பார்த்ததும் "கீழே ஊர் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். இருக்கிறது, ஆர்ட்டிங் என்ற ஊர், அந்தப் பழைய சேற்றின் மேலேயே.

ஆஸ்டர் மேல்தோலை மட்டுமே காட்டும். உள்ளே எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்று அறிய வானிலிருந்து எடுத்த காந்த அளவீடு வேண்டும், ஏனென்றால் அமிலம் மேக்னடைட் என்ற காந்தக் கனிமத்தையும் அழித்துவிடுவதால் அந்த இடத்தில் காந்தம் குறையும். அடுத்து அதைத்தான் எடுத்திருக்கிறேன்.