மொட்டை மாடியில் ஒரு தோசைக்கல்

2024 ஜூன் மாதத்து மின்சார பில்லை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. 940 யூனிட். இரண்டு பெட்ரூம், ஒரே ஒரு ஏசி, ஆள் மூன்று பேர். டெல்லி முனிர்காவில், டிடிஏ என்கிற அரசு அமைப்பு கட்டிய பிளாட்டின் மூன்றாவது மாடி எங்களுடையது, அதற்கு மேல் மொட்டை மாடியும் வானமும்தான். டெல்லியில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் கடைசி மாடி என்றால் ஏன் வாடகையைக் குறைத்துக் கேட்கிறார்கள் என்பது குடிவந்த முதல் மே மாதத்திலேயே புரிந்துவிடும்.

அந்த வருஷம் மே 29-ஆம் தேதி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி, 79 வருஷத்தில் இல்லாத வெயில். முங்கேஷ்பூரில் 52.9 என்று அன்றைக்கு டிவியெல்லாம் அலறியது, பிறகு கருவி மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டிவிட்டது என்று வானிலைத் துறையே சொன்னது. எங்களுக்கு அந்த மூன்று டிகிரி ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஏசியை 18-ல் வைத்தோம், அறை 30-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. 16-ல் வைத்தோம். ராத்திரி ரெண்டு மணிக்கும் மேலே அவுட்டோர் யூனிட் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, தலையணையைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் சூடு. ஜூன் 19 அன்று டெல்லியின் மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டதாகச் செய்தி வந்தபோது அதில் என் பங்கு கணிசமானது என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் வந்தார். வந்த வேகத்தில், ஒரு மீட்டர்கூட எடுத்து வைக்காமல், கேஸ் போய்விட்டது சார் என்றார். மூவாயிரத்துச் சொச்சம். பத்து நாள் கழித்து வந்த இன்னொருவரும் அதே வசனம், மறுபடி பணம். இரண்டாவது முறையும் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, பத்து வருஷமாக ஓடுகிற ஃபிரிட்ஜுக்கு யாராவது வருஷா வருஷம் கேஸ் போடுகிறோமா? ஏசி கேஸ் என்பது பைக்குக்குப் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கு இல்லை, மூடின குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பினால் அது அடுத்த மாதம் போய்விடும். இப்போதெல்லாம் யாராவது கேஸ் என்று வாயெடுத்தால், எங்கே லீக், சோப்புத் தண்ணீர் விட்டுக் காட்டுங்கள் என்கிறேன். எத்தனை கிராம் கேஸ் வேண்டும் என்பது அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும், தராசில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் கடைசியில் மதுரையிலிருந்து மாமனார் வந்திருந்தார். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் விரிசல் பார்க்கிற ஆள். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டூலைப் போட்டு ஏறி, உள்ளங்கையைச் சீலிங்கில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளை, இங்க கொஞ்சம் கை வச்சுப் பாருங்க.”

வைத்தேன். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது.

“இது சீலிங் இல்ல மாப்பிள்ளை, தோசைக்கல்லு. அடுப்ப அணைச்சாச்சு, கல்லு இன்னும் ஆறல. அதுக்குக் கீழ படுத்துக்கிட்டு நீங்க ஏசிய வையிறீங்க.”

ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் மே மாதச் சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூரியன் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், கல் விடாது. கான்கிரீட் தளமும் அப்படித்தான். காலையிலிருந்து குடித்த வெயிலை மெதுவாகக் கீழே கடத்தி, நாம் படுக்கப் போகிற நேரம் பார்த்து அறைக்குள் இறக்குகிறது. ஏசி குளிர்விப்பது காற்றைத்தான். தலைக்கு மேல் நூற்றைம்பது சதுர அடிக்கு ஒரு சூடான பலகை இருந்துகொண்டு உடம்பின் மீது நேராகவே வெப்பத்தை வீசிக்கொண்டிருந்தால், காற்று 26-க்கு வந்தாலும் நமக்குப் புழுங்கும், உடனே ரிமோட்டைத் தேடுவோம். 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் பொய், மிஷின் தன்னால் முடிந்த முழு வேகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. 16 என்று சொன்னால் எப்போதும் நிற்காதே என்று சொல்வதாக ஆகும், அவ்வளவுதான்.

மாமனார் சொன்ன வைத்தியம் சுண்ணாம்பு. ஊரில் மொட்டை மாடிக்குத் தட்டோடு பதித்து, மேலே வெள்ளை அடித்துவிடுவார்கள், இங்கே வெறும் சிமெண்ட் தளம், அதுவும் பத்து வருஷத் தூசியில் கறுத்துப்போனது. மாடி பொதுச்சொத்து என்பதால் குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, அதற்கே மூன்று வாரம், வெள்ளை அடித்தால் என்ன நஷ்டம் வரும் என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. மழைக்காலம் வந்துவிட்டதால் வேலை அடுத்த மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. கடையில் கல்சுண்ணாம்பு வாங்கி முதல் நாள் இரவே டிரம்மில் ஊறப்போட்டேன், உஸ்ஸென்று கொதித்தது, எட்டி நின்றுதான் செய்ய வேண்டும், கண்ணில் தெறித்தால் போச்சு. மறுநாள் பழைய துணியில் வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, தளத்தை நன்றாக நனைத்துவிட்டு வெயில் இறங்கியதும் மூன்று கோட்.

பாதி மாடிதான் முதல் நாள் முடிந்தது. அடுத்த நாள் மத்தியானம் நாலு மணிக்கு நானும் பையனும் வெறுங்காலோடு பரிசோதனை செய்தோம். சிமெண்ட் பக்கம் மூன்று எட்டு வைப்பதற்குள் குதிக்க ஆரம்பித்துவிட்டான். வெள்ளைப் பக்கம் சாவகாசமாக நின்று காற்றாடி விட்டான். மார்ச் வெயிலுக்கே இந்த வித்தியாசம்.

கடையில் கூல் ரூஃப் பெயிண்ட் என்றே தனியாகக் கிடைக்கிறது, அது சில வருஷம் தாங்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி. சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தில் பாதி கரைந்துவிடும், மீதியை ஆந்தி என்கிற புழுதிப்புயல் வந்து பழுப்பாக்கிவிட்டுப் போகும். வருஷா வருஷம் அடிக்கச் சோம்பல் இல்லாதவர்களுக்குச் சுண்ணாம்பு போதும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவுட்டோர் யூனிட் மாடியில் மேற்குப் பார்த்து இருந்தது. வெயில் படுகிறதே என்று நிழல் தருகிறேன் பேர்வழி என்று மேலேயும் முன்னாலேயும் தகரம் அடித்திருந்தேன். அறையின் சூட்டை வெளியே தள்ளுவதுதான் அந்தப் பெட்டியின் ஒரே வேலை, முன்னால் தகரம் இருந்தால் தள்ளிய சூடான காற்றே திரும்பிவந்து அதன் முதுகுக்குள் நுழையும். ஏசியின் திறனை அளந்து முத்திரை குத்துவது வெளியே 35 டிகிரி இருக்கும் நிலையில். 45-ல் அது தானாகவே இளைத்துவிடும், மின்சாரமும் கூடுதலாக இழுக்கும், அதில் நான் வேறு அதன் மூக்கைப் பொத்தி வைத்திருந்தேன். முன்தகரத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மேல்தகரத்தை இரண்டு அடி உயர்த்திக் கட்டினேன். அப்புறம் காயில் என்கிற அதன் குழாய்ச் சுருளை ஜெட் பம்ப் வைத்துக் கழுவினோம், வெளியேறிய தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் இருந்தது. உள்ளே இருக்கிற ஃபில்டரை டெல்லித் தூசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிக் குழாயடியில் காட்டியே ஆக வேண்டும், அதற்கு மெக்கானிக் எல்லாம் வேண்டாம்.

ஓட்டைகள் தனிக் கதை. முன்பு இருந்தவர்கள் விண்டோ ஏசி வைத்திருந்த இடத்தைப் பிளைவுட் வைத்து மூடியிருந்தார்கள், ஊதுபத்தியைக் கொளுத்திப் பக்கத்தில் பிடித்தால் புகை அறைக்குள் சாய்ந்தது. அதை அடைத்தேன். கதவின் அடியில் பழைய வேட்டியைச் சுருட்டிப் போடுகிறோம். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே கனமான திரை போட்டும் பெரிய பலனில்லை, கண்ணாடியைத் தாண்டிய வெயில் உள்ளே வந்தது வந்ததுதான். வெளிப்பக்கம் சிக் என்கிற மூங்கில் தட்டி கட்டின பிறகுதான் அந்தச் சுவர் அடங்கியது.

இத்தனைக்கும் பிறகு ஏசி 26-ல், கூடவே ஃபேன். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் போட்ட ஏசிகள் போட்டதும் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. விதி வைத்திருக்கிறது, ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் அளவுக்கு மின்சாரம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. ஃபேனையும் மாற்றிவிட்டோம், பழையது 75 வாட், பி.எல்.டி.சி. என்கிற புது வகை மோட்டார் வைத்தது முப்பது வாட்டில் அதே காற்று.

ஜூலையில் ஆட்டம் மாறும். மே மாதத்தில் டெல்லிக் காற்று வறண்டது, ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணீர் ராத்திரி முழுக்க ஒரு சொம்புகூடத் தேறாது. மழை தொடங்கியதும் அதே குழாய் விடிவதற்குள் ஒரு பக்கெட்டை நிரப்புகிறது. வெயில் 34-தான், ஆனால் நசநசவென்று உயிர் போகும். அப்போது பாதி வேலை காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிவது. ஏசி பிறந்ததே அதற்காகத்தான், 1902-ல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தில் காகிதம் உப்பி வண்ணங்கள் விலகிப் பதிந்ததைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் வடிவமைத்தார். சிவகாசிக்காரர்களுக்கு அந்தச் செலவு இல்லை, வறண்ட காற்றை ஊரே இலவசமாகக் கொடுத்துவிட்டது. ஜூலை இரவுகளில் ஈரத்தை எடுக்கிற டிரை மோடில் ஃபேனோடு விட்டால் எங்களுக்குப் போதுமாக இருக்கிறது.

மே, ஜூன் பகல்களுக்கு ஹாலில் கூலர், வெட்டிவேர் தட்டி போட்டது. இங்கே அதை கஸ் என்பார்கள், நனைந்ததும் வீடு முழுக்க மண்பானைத் தண்ணீர் வாசனை. கூலருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஏசிக்கு மூடியிருக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் இரண்டையும் ஒரே அறையில் ஓட்டிவிட்டு ஏசி சரியில்லை என்கிறார், கூலர் ஊற்றுகிற ஈரத்தையெல்லாம் ஏசி உட்கார்ந்து பிழிந்துகொண்டிருக்கிறது பாவம்.

அடுத்த ஜூனில் 610 யூனிட் வந்தது. அந்த மே மாதம் டெல்லியில் மழை கொட்டித் தீர்த்தது, அதனால் எல்லாப் புகழும் சுண்ணாம்புக்கே என்று சொல்ல மாட்டேன். ஏப்ரலும் செப்டம்பரும்தான் எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த வருஷம் டெல்லியில் 200 யூனிட் வரை பில் கிடையாது, 400 வரை பாதி மானியம், அதுவும் 800 ரூபாய்க்குள், 401 ஆனால் மொத்தமும் போச்சு. அந்த இரண்டு மாதமும் 400-க்குள் நின்றுவிட்டோம்.

போன வாரம் மாமனார் போன் செய்தார். மகள் எப்படி, பேரன் எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை.

“மாடி வெளுத்தாச்சா மாப்பிள்ளை? சித்திரை பொறந்துட்டா வெயில்ல சடசடன்னு காஞ்சு மாவா உதிரும். பங்குனியிலயே முடிச்சிருங்க.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூட்டை வாங்கிவந்து படிக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் இது என்ன மாவா என்று கேட்டுவிட்டுப் போனார்.