கடைசிப் புள்ளி விழாத பெட்டி

ஜூன் 2, 2025, திங்கள்

புது வேலை கைக்கு வந்திருக்கிறது. சென்னிமலைப் பக்கம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர் பதிவு, நூல் கொடுத்த விவரம், கூலிக் கணக்கு எல்லாம் இன்றுவரை நீள நோட்டில்தான். அதை பிரவுசருக்குக் கொண்டுவர வேண்டும். திரையில் தெரிவது அத்தனையும் என் பொறுப்பு. இரண்டு வருடமாக அடுத்தவர் எழுதிய பக்கங்களில் பழுது பார்த்துக்கொண்டிருந்தவள் நான். முதல் வரியிலிருந்து நானே எழுதப்போவது இதுதான் முதல் தடவை. இந்த நாட்குறிப்பையும் அதற்காகவே தொடங்குகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

உறுப்பினர் சேர்க்கும் திரை முடிந்தது. வலைத்திரைகள் கட்ட உதவும் ரியாக்ட் என்ற கருவியில் எழுதினேன். பெட்டிகளுக்கு மெல்லிய சாம்பல் எழுத்து, வட்ட முனை, பச்சை நிறத்தில் ‘சேமி’. அடுத்த பெட்டிக்குப் போக டேப் சாவியைத் தட்டும்போது பெட்டியைச் சுற்றி வரும் நீலக் கோடு அழகைக் கெடுத்தது. ‘அவுட்லைன் நன்’ (சுற்றுக்கோடு வேண்டாம்) என்று ஒரே வரி போட்டு எடுத்துவிட்டேன். டீம் லீட் அக்கா பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு. சங்கத்துல யாரு இதுல உக்காந்து தட்டப்போறாங்களோ, அவங்க பக்கத்துல போய் ஒரு நாள் உக்காரு” என்றார். செவ்வாய்க்கிழமை போகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

சங்கத்துக் கணக்கருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் காரியமாக மவுஸை எடுத்து மானிட்டருக்குப் பின்னால் தள்ளி வைத்தார். “பதினஞ்சு வருசமா டேலியில கணக்குப் போடறனுங்க. மவுசப் புடிச்சா கை ஓடாது.”

பெயர் தட்டினார், டேப். உறுப்பினர் எண், டேப். தறி எண்ணிக்கை, டேப். ஊர், டேப், என்டர். நோட்டைப் பார்த்தபடியே தட்டினார். திரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்டர் அடித்த பிறகுதான் பார்த்தார். சேமிக்கவில்லை. கீழே இருந்த ‘உதவி’ இணைப்பு திறந்திருந்தது. தட்டியது முழுக்கப் போய்விட்டது.

“சேவ் ஆயிருச்சுங்களா அம்மிணி?”

இல்லை என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காரணம் பஸ்ஸிலேயே புரிந்துவிட்டது. என் ‘சேமி’ ஒரு டிவ், அதாவது தனக்கென்று எந்த வேலையும் தெரியாத வெற்றுப் பெட்டி. பட்டன் மாதிரி வண்ணம் பூசி, மவுஸில் அழுத்தினால் சேமிக்கும்படி ஆன்கிளிக் வைத்திருந்தேன். டேப் சாவிக்கு டிவ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதைத் தாண்டி அடுத்த இணைப்பில் போய் நின்றிருக்கிறது. எங்கே நிற்கிறது என்று காட்டக்கூடிய ஒரே அடையாளம் அந்த நீலக் கோடு. அதையும் நான்தான் எடுத்திருந்தேன்.

ஜூன் 18, புதன்

காலையிலிருந்து அந்த ஒரு திரை மட்டும்.

டிவ்வை எடுத்துவிட்டு உண்மையான பட்டன் போட்டேன். எல்லாப் பெட்டிகளையும் ஒரு ஃபார்முக்குள் வைத்தேன். அவ்வளவுதான். இப்போது எந்தப் பெட்டியில் இருந்து என்டர் அடித்தாலும் சேமிக்கிறது. பட்டனில் வந்து நின்றால் என்டரும் வேலை செய்கிறது, ஸ்பேஸும் வேலை செய்கிறது. இதற்கெல்லாம் நான் ஒரு வரிகூட ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை இயங்கவைக்கும் மொழி) எழுதவில்லை. டிவ்வைப் பட்டன் போல் நடக்கவைக்க எழுதியிருந்த வரிகளை அழித்தேன்.

மதியம் ஒரு இடறல். ‘ரத்து’ அடித்தால் அதுவும் சேமித்தது. ஃபார்முக்குள் இருக்கும் பட்டனுக்கு வகை சொல்லாவிட்டால், பிரவுசர் அதை சப்மிட், அதாவது அனுப்பும் பட்டன், என்றே எடுத்துக்கொள்ளும். டைப் பட்டன் என்று எழுதியதும் சரியாகிவிட்டது. இது வலைப்பக்கங்களின் அடிப்படை மொழியான எச்டிஎம்எல்லின் அரிச்சுவடி. ரியாக்ட்டின் ஹூக்குகளை எல்லாம் வரிசையாகச் சொல்வேன். இது எனக்குத் தெரியாமல் இருந்தது. படித்த வரிசை தவறு என்று இப்போது நினைக்கிறேன். வீடியோ பார்த்து நேராக ரியாக்ட்டில் குதித்தவர்கள் நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம். பின்னால் இருந்து முன்னால் வந்து படிப்பதும் படிப்புதான், ஆனால் அதற்கான விலையை நேற்று இன்னொருவர் கொடுத்தார்.

நீலக் கோட்டையும் திருப்பி வைத்துவிட்டேன். ஃபோகஸ் விசிபிள் என்று எழுதினால் கீபோர்டில் வருகிறவருக்குக் கோடு தெரியும், மவுஸில் பட்டனை அழுத்துகிறவருக்குத் தெரியாது. மூன்று பிக்சல், அடர்நீலம்.

ஜூன் 21, சனி

கணக்கர் போன் செய்தார். “ஒரு பேரு முழுசா அடிக்க உடமாட்டேங்குதுங்க அம்மிணி. கடைசிப் புள்ளி மட்டும் விழமாட்டேங்குது.”

அந்த உறுப்பினர் பெயரை இங்கே எழுதுவது முறையில்லை. அதே கணக்குக்கு வரும் வேறு பெயர் சொல்கிறேன்: உ.வே.சா.வின் ஆசிரியர் பெயர், மீனாட்சிசுந்தரம். பெட்டியில் தட்டிப் பார்த்தேன். ‘மீனாட்சிசுந்தரம’ என்று நின்றுவிட்டது. ம இருக்கிறது, ம் ஆக மாட்டேன் என்கிறது.

பெயருக்குப் பதினைந்து எழுத்து போதும் என்று நினைத்து மேக்ஸ்லெங்த் 15 போட்டிருந்தேன். நம் கணக்கில் அந்தப் பெயரில் ஒன்பதே எழுத்து: மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம். பிரவுசர் கணக்கு வேறு. மீ அதற்கு ஓர் எழுத்து இல்லை; ம ஒன்று, அதன் மேல் ஏறும் சுழி ஒன்று, ஆக இரண்டு. ட் என்றால் ட ஒன்று, புள்ளி ஒன்று. அப்படி எண்ணினால் பதினாறு வருகிறது. பதினாறாவது அந்தப் புள்ளி. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டால் 5 என்கிறது. நாம் மூன்று என்போம்.

1995இல் பிரண்டன் ஐக் பத்து நாளில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதினார் என்று பாடத்தில் படித்து வியந்திருக்கிறேன். அதன் சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) நம் எழுத்துகளாக அல்ல, பதினாறு பிட் அலகுகளாக எண்ணப்படுகின்றன என்பதும் அதே பாடத்தில் இருந்தது. ஒரு நெசவாளி பெயரின் புள்ளி விழாமல் போனபோதுதான் அந்த வரிக்குப் பொருள் தெரிந்தது.

வரம்பை 100 ஆக்கினேன். பேக்எண்ட் (திரைக்குப் பின்னால் நடப்பது) பார்க்கும் தம்பியிடம் டேட்டாபேஸ் பத்தியிலும் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்தேன். குறிப்புப் பெட்டிக்குக் கீழே ‘மீதம் இத்தனை எழுத்து’ என்று காட்டும் இடத்தில் மட்டும், எழுத்துகளைப் பிரித்துத் தரும் பிரவுசர் கருவியான இன்ட்ல் செக்மென்டர் வைத்தேன். அது மீ என்பதை ஒன்றாக எண்ணும். ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில் வந்த 125ஆம் பதிப்பில்தான் இது சேர்ந்தது. குரோமில் பல வருடம் முன்பே இருக்கிறது. அதற்கும் ஓர் இடறல் உண்டு. க்ஷ நம் கண்ணுக்கு ஒன்று, செக்மென்டருக்கு க் தனி, ஷ தனி. குறிப்புப் பெட்டிக்கு அது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

பட்டன் விஷயத்தில் பிரவுசர் தருவதை நம்பினால் போதும் என்று புதன்கிழமை நினைத்திருந்தேன். தமிழ் என்று வந்துவிட்டால் நம்புவதற்கு முன் ஒரு தடவை தட்டிப் பார்க்க வேண்டும். நான் சோதித்த பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருந்தன. இனி என் சோதனைப் பெயர் மீனாட்சிசுந்தரம்தான்.

ஜூன் 26, வியாழன்

உறுப்பினர் பட்டியல். பெயர் வரிசையில் வர வேண்டும். வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ கட்டளை போட்டேன். வந்த வரிசை: அன்பு, அமுதா, அறிவு, அழகு. பார்த்ததும் உறுத்தியது. பள்ளிக்கூடத்தில் அகராதி புரட்டியவர்கள் யாருக்கும் உறுத்தும். மகரம் முன்னால், னகரம் கடைசியில் அல்லவா? ய ர ல வ ழ ள ற ன என்று பாடித்தானே படித்தோம்.

ஏன் இப்படி என்று தோண்டினேன். கணினியில் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் இந்திய எழுத்துகளின் அடுக்கு, 1988இல் வந்த இஸ்கி என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றியது. அதில் எல்லா மொழிக்கும் ஒரே கட்டம். கட்டத்தின் ஒழுங்கு தேவநாகரியுடையது. தேவநாகரி வரிசையில் ன, ற, ழ மூன்றுக்கும் சொந்த இடம் கிடையாது. அதனால் நவுக்குப் பக்கத்தில் ன, ரவுக்குப் பக்கத்தில் ற, ளவுக்குப் பக்கத்தில் ழ என்று ஒட்ட வைத்துவிட்டார்கள். சார்ட் அந்தக் கட்ட எண்ணைப் பார்த்து அடுக்குகிறது.

மொழிக்கேற்ப ஒப்பிடும் லோக்கேல்கம்பேர் எடுத்து, மொழி ‘டிஏ’ (தமிழ்) என்று கொடுத்தேன். அமுதா, அழகு, அறிவு, அன்பு. நம் வரிசை. யாரோ உட்கார்ந்து தமிழின் நெடுங்கணக்கை இதற்குள் சரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்று தெரியாது, நன்றி.

ஜூலை 2, புதன்

மானிட்டரை அணைத்துவிட்டு என் பக்கத்தைக் காதால் கேட்டேன். என்விடிஏ என்ற திரைவாசிப்பான், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள். 2006இல் ஆஸ்திரேலியாவில், பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் எழுதத் தொடங்கியது. ஜேம்ஸ் டெஹ் சேர்ந்துகொண்டார். காசு கிடையாது, இறக்கிக்கொள்ளலாம். கூடவே வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும்.

பக்கத்தின் முதல் வரியில் மொழி ‘இஎன்’ (ஆங்கிலம்) என்று இருந்தது. புராஜெக்ட் தொடங்கும்போது கருவி தானாகப் போட்டது. நான் மாற்றவே இல்லை. அதை ‘டிஏ’ ஆக்கினேன். பிறகு டேப் தட்டித் தட்டிப் போனேன். “பெயர், எடிட்.” “ஊர், எடிட்.” குப்பைத்தொட்டிப் படம் போட்ட இடத்தில் வந்தபோது வெறுமனே “பட்டன்” என்றது. எதற்கான பட்டன்? ஒவ்வொரு வரிசையிலும் பட்டன், பட்டன், பட்டன். உறுப்பினரையே அழித்துவிடும் பட்டன் அது. ‘நீக்கு’ என்ற சொல்லோடு அந்த வரிசையின் பெயரையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன்.

இந்தச் சங்கத்தில் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர் யாரும் இல்லை. அதனால் என்ன? நாளைக்கு வருகிறவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டா வருவார்?

ஜூலை 9, புதன்

நிறம். வெள்ளையில் 999 என்ற நிற எண் கொண்ட சாம்பல் எழுத்து வைத்திருந்தேன். பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு 2.85தான், சிறிய எழுத்துக்கு 4.5 வேண்டும் என்பது, இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் எட்டுவதற்கான நெறிமுறையான டபிள்யூசிஏஜி வகுத்த அளவு. சங்கத்தில் கணக்கரின் தலைக்கு மேலே டியூப்லைட், அது நேராக மானிட்டரில் விழுகிறது. 767676 சாம்பல் 4.54 வந்து தேறுகிறது. தேறினால் போதாது என்று பட்டது, இன்னும் கருப்பாக்கினேன்.

எழுத்துருவும் பார்த்தேன். நான்கு தடிமனில் நோட்டோ சான்ஸ் தமிழ் இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு போதும். வரி உயரம் 1.2 இருந்த இடங்களில் மீயின் மேல்சுழியும் மேல்வரியின் துவின் வாலும் உரசிக்கொண்டிருந்தன. 1.6 வைத்ததும் மூச்சு விட்டது.

ஜூலை 15, செவ்வாய்

மறுபடி சங்கம். மவுஸ் இன்றைக்கும் மானிட்டருக்குப் பின்னால்தான். நான் நாற்காலியை அவருக்குச் சற்றுப் பின்னால் போட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தேன்.

நோட்டைப் பார்த்தபடியே பெயர், டேப், எண், டேப், தறி, டேப், ஊர், என்டர். சேமித்தது, திரை அடுத்த உறுப்பினருக்குக் காலியாகி, முதல் பெட்டியில் நீலக் கோடு நின்றது. அவர் நிமிரவில்லை. அடுத்த பெயர். அதற்கடுத்த பெயர். அந்த நீளப் பெயர் வந்தபோது மட்டும் ஒரு நொடி நிமிர்ந்து கடைசி எழுத்தைப் பார்த்துவிட்டு மேலே போனார். டீ வருவதற்குள் இருபத்திரண்டு பேர் ஏறிவிட்டார்கள்.

பிறகு நூல் கொடுத்த திரைக்குப் போனார். ஜூலை ஐந்தாம் தேதி கொடுத்த நூல். தேதிப் பெட்டியில் 05, 07, 2025 என்று தட்டினார். திரும்பிப் பார்த்தால் மே ஏழு என்று ஏறியிருக்கிறது. அந்தக் கணினியின் குரோம் அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. பிரவுசரின் தேதிப் பெட்டி அதைப் பார்த்து மாதத்தை முன்னால் வைத்துவிட்டது. என் கணினியில் நாள்தான் முன்னால் வரும், அதனால் நான் கவனிக்கவே இல்லை.

“தேதிய மட்டும் பாத்துக் குடுங்க அம்மிணி. மத்ததெல்லாம் கை ஓடுது.”

பஸ்ஸில் வரும்போதே போனில் எழுதி வைத்துவிட்டேன்: நாள், மாதம், வருடம், மூன்று தனிப் பெட்டி, ஒவ்வொன்றின் மேலும் தமிழில் பெயர், எண் மட்டும் ஏற்கும், பிப்ரவரி 30 தட்டினால் சொல்லிக் காட்டும். பிரிட்டன் அரசின் இணையப் பக்கங்களில் பிறந்த தேதியை இப்படித்தான் வாங்குகிறார்கள். நாளைக் காலை முதல் வேலை இது.