ஹெரெமோதின் வளவு

லண்டன் வந்த முதல் வருடம் ஹாமண்ட்ஸ்வொர்த் என்றால் எனக்குக் குடிவரவுத் தடுப்பு முகாம் மட்டும்தான். எங்கள் ஆட்கள் வாயிலிருந்து அந்தப் பெயர் வேறு அர்த்தத்தில் வந்து நான் கேட்டதில்லை. ஹீத்ரோ விமான நிலையத்தில் வேலை கிடைத்து, பக்கத்தில் அறை எடுத்த பிறகுதான் அது ஒரு பழைய கிராமம் என்று தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள பெரிய தானியக் களஞ்சியத்தைப் பார்க்கப் போனேன். 1426-ல் கட்டியது, 58 மீட்டர் நீளம். கால் வைத்ததும் கோயில் மண்டபத்துக் குளிர்ச்சி. ஓக் மரத் தூண் ஒவ்வொன்றும் கல்லின் மேல் நிற்கிறது, அடி உளுத்துப்போகாமல் இருக்க. எங்கள் மாட்டுக்கொட்டிலின் கப்புகளுக்கும் அப்பு இப்படித்தான் கல் வைத்திருந்தார். தூணைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அங்கிருந்த முதியவர் ஒருவர் ஊர்ப்பெயரை விளக்கினார். 1086-ல் வில்லியம் மன்னர் எடுப்பித்த நிலக்கணக்கிலேயே பெயர் இருக்கிறது. ஹெரெமோத் என்பது ஓர் ஆளின் பெயர். 'வொர்த்' என்றால் பழைய ஆங்கிலத்தில் சுற்றி வேலியடைத்த குடிநிலம். எனக்கு உடனே சொல் வந்துவிட்டது: வளவு! கந்தையாவின்ர வளவு, சின்னம்மாவின்ர வளவு என்கிறோமே, அதே வளவு.

அப்புறம் அவர் சொன்னதுதான் நெஞ்சில் தங்கிவிட்டது. ஹீத்ரோவும் இந்த ஊரோடு சேர்ந்த ஒரு சிற்றூராம். பற்றைவெளி ஓரத்து வீட்டு வரிசை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். நல்ல தோட்டமண், லண்டன் சந்தைக்கு மரக்கறி அங்கிருந்து போயிருக்கிறது. 1944-ல் போர்க்கால அதிகாரத்தை வைத்து நிலத்தை எடுத்து, வீடுகளை இடித்து, ஓடுபாதை போட்டார்கள். மூன்றாவது ஓடுபாதை வந்தால் ஹாமண்ட்ஸ்வொர்த்திலும் பெரும்பகுதி போய்விடும்.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு. 1990-ல் போரின்போது பலாலி விமானத்தள ஓடுபாதையைச் சுற்றியிருந்த ஊர்களை விட்டு வெளிக்கிட்டவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தினமும் ஹீத்ரோவில் வேலைக்கு இறங்குகிறவனுக்கு, கால் படுவது யாரோ ஒருவரின் தோட்டத்தில் என்பது அதுவரை தெரியாது.

அன்றிரவு அம்மாவுக்கு போன் எடுத்து, எங்கள் காணிக்கு உறுதிப் பத்திரத்தில் என்ன பெயர் என்று கேட்டேன். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

"பொறு தம்பி, கண்ணாடியைப் போட்டிட்டு வாசிக்கிறன்."