எண்ணூறு ரூபாயும் சௌசௌ கூட்டும்

முதலில் அந்த டாக்ஸிக்காரரைத் திட்டி முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் எழுத வராது.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த மூன்று பேர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சென்னையைக் காலி செய்துவிட்டு நாங்கள் கொடைக்கானல் பக்கத்து மலையூரான தாண்டிக்குடிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போதுதான் அவர்களுக்கு ஒரு சனி ஞாயிறு கிடைத்திருக்கிறது. எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியுமுன் கொடை ரோடு, அங்கிருந்து வத்தலக்குண்டு, வத்தலக்குண்டில் தாண்டிக்குடி பஸ். இதை வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினேன், பேசியும் அனுப்பினேன். கேட்டால்தானே! ஸ்டேஷன் வாசலிலேயே 2,200 ரூபாய்க்கு டாக்ஸி பேசிவிட்டார்கள். காட் ரோட்டில் ஊத்து என்ற இடம் வரை ஒழுங்காக வந்தவர், பண்ணைக்காடு பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, "நான் சொன்னது மெயின் ரோட்டுக்குத்தான்மா, உள்ளே போகணும்னா எண்ணூறு சேர்த்துக் குடுங்க" என்றாராம். மூவரில் ஒருத்தி வங்கி மேனேஜர். கடன் பாக்கிக்காரர்களை நடுங்க வைப்பவள். அவளே வாய் திறக்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்ததில் சண்டை போடத் தெம்பில்லையாம். ஆக மொத்தம் 3,000. இரண்டு நாள் விருந்துக்கு நான் எடுத்து வைத்திருந்ததே 3,000 ரூபாய்தான்.

வந்து இறங்கியதும் முதல் கேள்வி: "வைஃபை பாஸ்வேர்டு என்னடி?"

கரண்டே இல்லை. முந்தின இரவு மழையில் ஒரு சில்வர் ஓக் மரம் ஒயர் மேல் சாய்ந்துவிட்டது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் குழாயில் தண்ணீர் இல்லை. ஒவ்வொருத்தியும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு வாளியோடு வெளியே வந்தாள். நான் என்னவோ பக்கத்து ரிசார்ட்டின் முதலாளி போலவும், புகார்ப் புத்தகம் என்னிடம் இருப்பது போலவும் ஒரு பார்வை வேறு.

எப்படி வருவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சரி, பார்ப்போம்.

சனிக்கிழமை கொடைக்கானல் போயே தீருவோம் என்று அடம். டாக்ஸி என்ற சொல்லை எடுக்க யாருக்கும் தைரியமில்லை. எப்படியும் வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வந்த ஏற்பாடு அது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால் பஸ். 1863-ல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் உண்டாக்கிய ஏரியைச் சுற்றி வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. வேகவைத்த சோளம் தின்றோம், நடுங்கினோம், திரும்பினோம். அந்த ஒரு நாள் வீண். இதை அவர்கள் படித்தாலும் பரவாயில்லை.

ஞாயிறு காலைதான் விருந்தாளிகள் போய் என் பழைய தோழிகள் வந்தார்கள். வீட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் காப்பி. டிசம்பரில் பழம் சிவந்துவிடும், நாங்களும் பறிக்கிறோம் என்று கூடையோடு கிளம்பினார்கள். சேலத்துக்காரி பத்தே நிமிடத்தில் பாதிக் கூடை நிரப்பியபோது எனக்குச் சந்தேகம். போய்ப் பார்த்தால் பழம், பச்சைக்காய், காம்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கிளையோடு உருவிக்கொண்டிருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வேலியோரம் நின்று, "என்ன தாயி, அடுத்த வருசத்துப் பூவையும் சேர்த்துல்ல பறிக்கிறே" என்றார். போன வருடம் இதே திட்டை நானும் வாங்கியிருக்கிறேன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெரியம்மாதான் மதியம் சமைத்தார். கரண்ட் இல்லாததால் மிக்ஸி ஓடவில்லை, அதுவே யோகம். கொடியிலிருந்து அப்போதுதான் பறித்த பச்சை மிளகைச் சரம் சரமாக உருவி, மலைப்பூண்டோடு அம்மியில் வைத்து அரைத்தார். விறகடுப்பில் நாட்டுக்கோழிக் குழம்பு. காரம் முதலில் நாக்கில் தெரியாது; இரண்டாவது கவளத்தில் காது சூடாகி, மூன்றாவதில் மூக்கு ஒழுகும். தொட்டுக்கொள்ளச் சௌசௌ கூட்டு. விடுதி மெஸ்ஸில் வாரத்துக்கு நான்கு நாள் சௌசௌ போட்டதற்காகத் தட்டைத் தட்டிப் போராடிய கும்பல் இது. கொடியிலிருந்து அரை மணிக்கு முன் அறுத்த பிஞ்சு என்று தெரியாமல், "இது என்ன காய்?" என்று கேட்டு மூன்று முறை போட்டுக்கொண்டார்கள். பதில் சொன்னதும் வங்கிக்காரி கையில் கரண்டியோடு அப்படியே நின்றதைப் போட்டோ எடுக்காமல் விட்டதுதான் இந்தப் பயணத்தின் ஒரே நஷ்டம். எண்ணூறு ரூபாயைச் சேர்க்காமல் சொல்கிறேன்.

முடிவில் மலைவாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் அதே விருப்பாட்சிப் பழம். முடிக்கொத்து நோயில் போனது போக எங்களுக்கு மிஞ்சியது ஒரே தார். அதில் பாதியை மூன்று பேரும் காலி செய்தார்கள். மீதியைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னது என் வீட்டுக்காரர். அவரைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

கோழி, மளிகை, கொடைக்கானல் பஸ், சோளம் என்று என் கணக்கு 3,400-இல் நின்றது. பெரியம்மா காசு வாங்க மறுத்துவிட்டதால்தான் அதோடு போயிற்று. திரும்பும்போது மூவரும் மறுபேச்சில்லாமல் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினார்கள். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில்.

பஸ் வளைவில் மறைந்ததும் வீட்டுக்கு நடந்தேன். தூரத்திலேயே திண்ணை விளக்கு எரிவது தெரிந்தது. உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம். குளியலறையில் மூடாமல் விட்ட குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி, கூடம் வரை வந்துவிட்டது. துடைக்கும் முன் எரிகிற விளக்கைப் படமெடுத்து அனுப்பினேன்.

"ஃபியூஸைப் பிடுங்கி ஒளிச்சு வச்சிருந்தியாடி?" என்று பதில் வந்தது.