அப்பாவின் இரண்டு சர்வீஸ், அம்மாவுக்கு இரண்டு குடும்ப பென்ஷன்

அப்பா 1971 போரில் இருந்த சிப்பாய். பட்டாளத்திலிருந்து வந்தபின் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் தபால்காரராகச் சேர்ந்து, அதிலும் முழு சர்வீஸ் முடித்தார். இரண்டு பென்ஷனும் அவர் தனித்தனியாக உழைத்துச் சம்பாதித்தவை. அவர் போனபின் இரண்டின் குடும்ப பென்ஷனும் அம்மாவுக்கு வர வேண்டும். ஒருவழியாக வந்துவிட்டது.

இறப்புச் சான்றிதழ், கூட்டுக் கணக்கு எல்லாம் சுலபமாக முடிந்தன. ஒன்று மட்டும் கவனம்: இறப்புக்குப் பிறகு கணக்கில் விழும் பென்ஷனை ஏ.டி.எம்.மில் எடுத்துவிடாதீர்கள், பிறகு பிடித்தம் செய்வார்கள். ராணுவப் பக்கத்துக்கு ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை பென்ஷன் இணையதளத்திலேயே இறப்பைத் தெரிவிக்கலாம்.

சிக்கல் எழுத்தரிடம்தான் தொடங்கியது. "ஒரு குடும்ப பென்ஷன்தான் தருவோம், எது வேண்டும்னு எழுதிக் கொடுங்க" என்றார். அது பழைய விதி. 24-9-2012 முதல் ராணுவம், சிவில் இரண்டின் குடும்ப பென்ஷனும் சேர்த்தே கிடைக்கும். அதற்கு முன்பே கணவரை இழந்தவர்களுக்கும் உண்டு. பணம் மட்டும் அந்தத் தேதியிலிருந்து கணக்காகும். எனவே எதையும் விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போடாதீர்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் 17-1-2013 தேதியிட்ட கடித நகலை மனுவோடு இணையுங்கள், முடியாது என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும்தான் எங்கள் மனு நகர்ந்தது.

அடுத்தது பெயர். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் (பட்டாளத்திலிருந்து விடுபடும்போது தரும் பணிப் பதிவுப் புத்தகம்) அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. நம் ஊர்ப் பெண்கள் பலருக்கும் இதே தொல்லைதான்: கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் கணவர் இனிஷியல், ஆங்கிலத்தில் எழுதும்போது 'அம்மாள்' என்பதன் கடைசி 'எல்' (L) விடுபடும். பிறந்த தேதி பதிவாகவே இல்லை. இதைத் திருத்த கணவர் இருந்த ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் (ஆவண அலுவலகம்) 'பார்ட் டூ ஆர்டர்', அதாவது குடும்ப விவரங்களைப் பதிவு செய்யும் உத்தரவு, போட வேண்டும் (மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டன்). இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் தேவை. நோட்டரி போதுமா, மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் தாள் திரும்பி வரும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புவது நல்லது. டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். கணவர் சேர்ந்த நாள், பதக்கங்கள், மனைவி மக்கள் பெயர் எல்லாம் ஒரே இடத்தில் நம் கையில் இருப்பது அதில் மட்டும்தான்.

கணவர் உயிரோடு இருக்கும்போதே இதைத் திருத்தினால் பாதி வேலை மிச்சம். இன்று ஓய்வூதியம் வாங்கும் எல்லாரும் தங்கள் பி.பி.ஓ.வை (பென்ஷன் வழங்கும் உத்தரவு) எடுத்து மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் பாருங்கள். தேதி இல்லாவிட்டால் மனைவிக்கு 80 வயதில் குடும்ப பென்ஷனில் சேர வேண்டிய 20 சதவீதக் கூடுதல் தானாக வராது.

நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழை இரண்டு பி.பி.ஓ. எண்ணுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒன்றை மறந்தால் அந்தப் பென்ஷன் மட்டும் நின்றுபோகும்.